எந்தக் கைக்கு இந்தக் கருவி?

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் தென்காசி வட்டாரத்தில் காய்ந்த கையைப் பார்ப்பதே அரிது. ஆனியில் சாரல் விழ ஆரம்பித்தால் ஆவணி வரைக்கும் கொடியில் போட்ட துணி காயாது, தீப்பெட்டி நமுத்துப்போகும். அருவிக்கரையில் வழுக்கி விழுந்தவர், நெரிசலில் மூச்சுத் திணறியவர், தலைசுற்றி உட்கார்ந்துவிட்டவர் எல்லோரும் ஈரத் தலையோடும் எண்ணெய் தேய்த்த உடம்போடும்தான் மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார்கள். அவர்களை முதலில் தொடுவது பெரும்பாலும் ஒரு நர்சின் கை. அந்தக் கையில் பி.பி. மெஷின் இருக்கிறது, பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருக்கிறது, சுகர் மெஷின் இருக்கிறது. இவற்றை வடிவமைத்தவர்கள் எந்தக் கையை, எந்த ஊரை, எந்தப் பருவத்தை மனதில் வைத்து வடிவமைத்தார்கள் என்று கேட்டால் பல கருவிகளின் குறை தானே தெரிந்துவிடும்.

அருவித் தண்ணீரில் வெகுநேரம் நின்றவரின் விரல் நுனி வெளுத்துச் சில்லிட்டிருக்கும். ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுவதால் விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்ஸிமீட்டருக்குத் துடிப்பே பிடிபடாது. எண் வராது, வந்தாலும் நம்ப முடியாது. நெற்றிக்கு நேரே நீட்டும் வெப்பமானி, ஈரம் ஆவியாகும் குளிர்ச்சியை அளந்துகொண்டு காய்ச்சலைக் குறைத்துச் சொல்லும். தொடுதிரையில் விழும் நீர்த்துளியை இயந்திரம் விரல் என்றே எடுத்துக்கொள்ளும். சுகர் ஸ்ட்ரிப் டப்பாவை இறுக மூடாமல் வைத்தால் ஈரக்காற்று உள்ளே போய் ஸ்ட்ரிப் கெடும். குற்றாலத்துக்கென்றே இன்னொன்றும் உண்டு. சீசன் கடைகளில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் உரித்துத் தின்ற விரலை அப்படியே குத்தினால், விரலில் ஒட்டிய பழச்சாறு சர்க்கரை அளவை ஏற்றிக் காட்டிவிடும். பழம் உரித்த விரலைக் கழுவாமல் சோதித்தால் இப்படி நேர்வதை ஜப்பானிய மருத்துவர்கள் 2011ல் ஆய்வாகவே வெளியிட்டார்கள். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது போதவில்லை, குழாயடியில் கழுவினால்தான் சரியான அளவு வந்தது.

இதெல்லாம் பயன்படுத்துகிறவரின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடுவது எளிது. பணிச்சூழலியல் என்ற துறை அப்படி ஒதுக்குவதில்லை. கருவி, அதைப் பிடிக்கும் கை, அது இயங்கும் இடம் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே அந்தத் துறையின் அடிப்படை. ஒரே தவறைப் பல பேர் பல ஊர்களில் திரும்பத் திரும்பச் செய்தால், அந்தத் தவறுக்கான இடத்தைக் கருவியே கொடுத்திருக்கிறது என்று அது எடுத்துக்கொள்கிறது. மருத்துவக் கருவிகளைப் பொறுத்தவரை நம் ஊரில் இந்தப் பார்வை இன்னும் வேர்பிடிக்கவில்லை. ஆபரேஷன் தியேட்டரிலும் லேபர் வார்டிலும் கருவி கைக்கு ஒத்துவரவில்லை என்று ஒரு புதியவர் சொன்னால், பழகிவிடும் என்ற பதில்தான் கிடைக்கிறது.

பழக வேண்டிய கருவிகளின் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்தால், அவை யாருடைய கைக்காகப் பிறந்தவை என்று புரியும். 1816ல் பாரிசில் லெனெக் காகிதத்தைச் சுருட்டி ஒரு பெண்ணின் மார்பில் வைத்துக் கேட்டதில் ஸ்டெதாஸ்கோப் தொடங்கியது. ரிவா ரோச்சி 1896ல் கையைச் சுற்றும் கஃப்பைக் கொண்டுவந்தார். கொரோட்காஃப் 1905ல் அந்தக் கஃப்புக்குக் கீழே ஸ்டெத்தை வைத்து ஒலியைக் கேட்கச் சொன்னார். மயக்க மருந்து நிபுணர்கள் இன்றைக்கும் பிடிக்கும் வளைந்த லாரிங்கோஸ்கோப்பை மெக்கின்டாஷ் 1943ல் அமைத்தார். ஆம்பு பேக் 1956ல் விற்பனைக்கு வந்தது. இவற்றை அமைத்தவர்களும் முதலில் பயன்படுத்தியவர்களும் ஏறக்குறைய ஒரே கூட்டம்: ஐரோப்பிய ஆண் மருத்துவர்கள். தங்கள் கைக்குச் சரியாக வந்ததை அவர்கள் உலகத்துக்குக் கொடுத்தார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கருவிகளை இன்றைக்குச் செங்கோட்டையிலும் கடையநல்லூரிலும் புளியங்குடியிலும் பிடிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்: ஸ்டாஃப் நர்சுகள், கிராம சுகாதார செவிலியர்கள், பெண் மருத்துவர்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் அமைந்த துணை சுகாதார நிலையங்கள் அவர்கள் கையில்தான் ஓடுகின்றன.

கை எப்படிப் பிடிக்கிறது என்பதைத் தெளிவாக வகுத்தவர் ஜான் நேப்பியர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர். 1956ல் அவர் எழுதிய கட்டுரையில் பிடியை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, சுத்தியலைப் பிடிப்பதுபோல் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்து இறுக்குவது. மற்றது, பேனா பிடிப்பதுபோல் கட்டைவிரலும் மற்ற விரல் நுனிகளும் மட்டும் வேலை செய்வது. முதலாவதில் வலு உண்டு, நுணுக்கம் குறைவு. இரண்டாவதில் நுணுக்கம் உண்டு, வலு குறைவு. ஒரு கருவி ஒரே நேரத்தில் இரண்டையும் கேட்டால் கை திணறும்.

பழைய பி.பி. கருவி அதைத்தான் கேட்கிறது. நாடித்துடிப்பு மறையும் அளவுக்கு மேல் இன்னும் 30 புள்ளிகள் ஏறும்வரை பல்பை அழுத்த வேண்டும், அது முழுப்பிடி. உடனே அதே கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வால்வைத் திருகி, வினாடிக்கு 2 அல்லது 3 புள்ளிகள் மட்டும் இறங்கும்படி காற்றை விட வேண்டும், அது நுண்பிடி. நான்கு பேருக்குப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகள் வரிசையில் நிற்கும் நாளில், முற்பகல் முழுக்க இதையே செய்த விரல் வால்வைச் சற்று அதிகமாகத் திருகிவிடும். காற்று மளமளவென்று இறங்கும். மேல் அளவு குறைந்து பதிவாகும். கர்ப்பகால ரத்த அழுத்தத்தை அன்றைக்கே கண்டுபிடிப்பதற்கும் தவறவிடுவதற்கும் நடுவே அந்த விரலின் களைப்பு நிற்கிறது. நர்சின் கைவலியைப் பற்றிப் பேசுவது நோயாளியின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதுதான் என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பாதரசத்தைக் கைவிடும் மினமாட்டா ஒப்பந்தத்தை இந்தியா 2018ல் ஏற்றது. மின்னணு பி.பி. மெஷின்கள் பரவலாவதற்கு அதுவும் ஒரு காரணம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாக எடுத்துப் போவது இந்த வகைதான். பெட்டி இலேசானது, பல்பை அழுத்தும் வேலை போயிற்று, ஒலி கேட்கத் தெரிய வேண்டியதில்லை. பெரிய முன்னேற்றம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் சந்தையில் பரவலாகக் கிடைக்கும் மெஷின்களோடு வரும் கஃப் 22 முதல் 32 சென்டிமீட்டர் வரை சுற்றளவுள்ள கைக்கானது. தென்காசி மாவட்டத்தில் பீடி சுற்றும் பெண்கள் ஏராளம்; வயதாகி மெலிந்த ஒருவரின் மேற்கை அதற்குள் தளர்ந்து நிற்கும், அளவு குறைந்து காட்டும். சின்ன அளவு கஃப் தனியாக வாங்க வேண்டிய பொருள். பையில் அது இருப்பது வாங்கும்போது யாராவது நினைத்துக் கேட்டிருந்தால்தான். வெயிலில் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கும்போது திரையில் எண் தெரிகிறதா என்பதும் அப்படித்தான்.

அடுத்து, கொஞ்சமும் கவனம் பெறாத ஒரு கருவி: ஹப் கட்டர். புதன்கிழமை தடுப்பூசி நாள். ஊசி போட்டு முடிந்ததும், ஒருமுறை மட்டுமே பயன்படும் அந்த சிரிஞ்சின் கழுத்தை ஹப் கட்டரில் நுழைத்து, கையால் நெரித்து வெட்ட வேண்டும். ஊசிக்குத்துக் காயமும் மறுபயன்பாடும் இதனால் தவிர்க்கப்படுகின்றன, நல்ல ஏற்பாடு. வெட்டுவதற்கு வேண்டிய விசையோ முழுக்கக் கையிலிருந்து வர வேண்டும். கைப்பிடி விரிந்த நிலையில் இருக்கும்போது விரல் நுனிகள்தான் அதை எட்டுகின்றன. விரல் எவ்வளவு நீண்டு எட்ட வேண்டியிருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் வலு குறையும். பெண்களின் பிடிவலு சராசரியாக ஆண்களுடையதில் ஐந்தில் மூன்று பங்கு அளவுதான் என்பது பல நாடுகளில் அளந்து கண்ட செய்தி. பிளேடு மழுங்க மழுங்க விசை இன்னும் கூடும். கைப்பிடியின் விரிவைக் கொஞ்சம் குறைப்பதும், நெம்புகோலைக் கொஞ்சம் நீட்டுவதும் பெரிய விஞ்ஞானம் இல்லை. இந்தக் கருவியின் விலையைக் கேட்டவர்கள் உண்டு. இதை எத்தனை விசையில் அழுத்த வேண்டும் என்று கேட்டவர்கள் குறைவு.

ஆம்பு பேக் விஷயம் உயிரோடு நேரடியாகத் தொடர்புள்ளது. மூச்சு நின்றவரின் முகத்தில் மாஸ்க்கை ஒரு கையால் பதித்து, மறு கையால் பையை அழுத்த வேண்டும். பதிக்கும் கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கை வளைத்துப் பிடிக்க, மற்ற மூன்று விரல்கள் தாடையெலும்பைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். சிறிய கைக்கு இது எட்டாது. தாடியுள்ளவர், பல் விழுந்து கன்னம் ஒட்டியவர், எண்ணெய் தேய்த்துக் குளித்த முகம் என்றால் மாஸ்க் வழுக்கும், காற்று கசியும். இரண்டு பேர் சேர்ந்து செய்வதே மேல், ஒருவர் இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பிடிக்க மற்றவர் பையை அழுத்தட்டும் என்று பாடநூல்கள் சொல்கின்றன. ஆனால் இரவு டியூட்டியில் அந்த இரண்டாவது ஆள் எங்கே? தென்காசியிலிருந்து திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறத்தாழ 55 கிலோமீட்டர். வெண்டிலேட்டர் இல்லாத வண்டியில் ஒரு மணி நேரம், ஆறு வினாடிக்கு ஒரு தரம் என்றால் 600 அழுத்தல்கள். பிறந்த குழந்தைக்கோ நிமிடத்துக்கு 40 முதல் 60 மூச்சு கொடுக்க வேண்டும்; சிறிய பை, ஆனால் ஓயாத வேகம். பையின் ரப்பர் எவ்வளவு கடினம், அழுத்திய கையிலிருந்து நழுவாமல் இருக்கப் பட்டை உண்டா, மாஸ்க் எத்தனை அளவுகளில் கிடைக்கிறது ஆகியவற்றை எல்லாம் இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

கையளவுக்கும் கருவிக்கும் உள்ள இழுபறியை எண்ணிக் காட்டிய ஆய்வு 2004ல் அமெரிக்காவில் வந்தது. பெர்கர், ஹ்ரெல்யாக் என்ற இருவர் லேப்ராஸ்கோப்பி செய்யும் 726 அறுவை மருத்துவர்களிடம் கேட்டார்கள். 6.5 அல்லது அதற்கும் சிறிய கையுறை அணிபவர்கள், குறிப்பாக ஸ்டேப்ளர் வகைக் கருவிகளில், மற்றவர்களைவிட அதிகம் சிரமப்பட்டது தெரியவந்தது. நம் பெண் மருத்துவர்களில் பெரும்பாலோர் கேட்டு வாங்கும் கையுறை அளவு 6 அல்லது 6.5. சிறிய கை என்பதை அந்த ஆய்வு ஒரு சிறுபான்மையின் பிரச்சினையாகக் கண்டது; நம் மகப்பேறு வார்டுகளில் அதுவே பெரும்பான்மை. இந்தியர்களின் உடலளவுகளைத் திரட்டி, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வழியாக 1997ல் தேப்குமார் சக்ரவர்த்தி வெளியிட்ட நூல் நம் நாட்டு வடிவமைப்பாளர்களுக்கு இன்றும் ஆதாரமாக இருக்கிறது. அளவு தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

இடதுகைக்காரர்களின் பாடு தனி. பத்தில் ஒருவர் இடதுகைக்காரர். ஆர்டரி ஃபோர்செப்ஸின் பல்பூட்டு வலது கட்டைவிரல் இயல்பாகத் தள்ளும் திசையில் திறக்கும்படி அமைந்தது. இடது கையில் பிடித்தால் தள்ளுவதற்குப் பதில் இழுத்துத் திறக்க வேண்டும். ரத்தக் குழாயைக் கவ்விய முனை அந்த இழுப்பில் அசையும். இடதுகைக் கருவிகள் செய்து விற்கிறார்கள். ஆஸ்பத்திரி செட்டில் ஒன்றாவது வைத்திருக்கும் இடங்கள் அபூர்வம்.

ஸ்கேன் செய்பவர்களின் தோள்வலி உலகமறிந்தது. ப்ரோபைக் கிள்ளிப் பிடித்து, வயிற்றில் அழுத்தி, தோளை உயர்த்திக் கையை நீட்டியபடியே மணிக்கணக்கில் இருக்கும் வேலை அது. கையடக்க ஸ்கேன் கருவிகள் பத்தாண்டுகளாக வேகமாக வந்துகொண்டிருக்கின்றன. ஃபோனில் செருகினால் படம் தெரியும். இந்தியாவில் இவற்றின் பாதையைச் சட்டம் தீர்மானிக்கிறது. கருவிலேயே பெண்ணை அழிக்கும் கொடுமையைத் தடுக்க 1994ல் வந்த சட்டத்தின் விதிகள் 2012ல் திருத்தப்பட்டபோது, எடுத்துச் செல்லும் ஸ்கேன் மெஷின் பதிவு செய்த வளாகத்தின் உள்நோயாளிகளுக்கும், பல சேவைகள் தரும் நடமாடும் மருத்துவ வண்டிகளுக்கும் மட்டும் என்று வரையறுக்கப்பட்டது. காரணம் நியாயமானது, அதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் விபத்தில் வயிற்றில் அடிபட்டவருக்கு ரத்தக்கசிவு உண்டா என்று அருவிக்கரை முதலுதவி முகாமிலேயே பார்க்கும் வாய்ப்பும் இதனால் மூடியிருக்கிறது. கர்ப்பப்பையைக் காட்டாத, நெஞ்சுக்கும் அடிவயிற்று ரத்தக்கசிவுக்கும் மட்டுமேயான பூட்டிய கருவி ஒன்றை உருவாக்க முடியுமா என்பது வடிவமைப்பாளர்களுக்கு நம் நாடு மட்டுமே விடுக்கக்கூடிய சவால்.

எடையைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். காசநோய்த் தேடலில் இப்போது பயன்படும் கையடக்க எக்ஸ்ரே கருவிகளில் ஒன்று, ஃபூஜிஃபில்ம் செய்வது, 3.5 கிலோ. எக்ஸ்ரே கருவி என்ற வகையில் அது அதிசயமான இலேசு. கையில் தூக்கி நாள் முழுக்கப் படம் எடுக்க அது சுமைதான், அதனால் தாங்கியில் பொருத்துகிறார்கள். எதிர்த்திசையிலும் உதாரணம் உண்டு. பல்லில் கறை சுரண்டும் கருவிகளை கலிஃபோர்னியாவில் சோதித்தபோது, 10 மில்லிமீட்டர் தடிமனும் 15 கிராம் எடையும் உள்ள கைப்பிடிக்குத்தான் மிகக் குறைந்த கிள்ளுவிசை போதுமாக இருந்தது. மெல்லிய இரும்புக் குச்சியை இறுக்கிப் பிடிப்பதைவிடச் சற்றுத் தடித்த, உள்ளீடற்ற கைப்பிடி விரலுக்கு இதம்.

கைப்பிடியில் சொரசொரப்பு இருந்தால் ஈரக்கையில் வழுக்காது. அந்தச் சொரசொரப்பின் பள்ளங்களில்தான் ரத்தம் உறைந்து ஒட்டும், கழுவுபவருக்கு வேலை இரட்டிக்கும். மென்மையான ரப்பர் உறை கைக்கு இதமானது; ஆட்டோகிளேவ் நீராவியில் நூறு தடவை வெந்தால் வெடித்துப் பிரியும். இந்த இழுபறிக்குத் தீர்வு எல்லாக் கருவிக்கும் ஒன்றாக இருக்க முடியாது. பராமரிப்பையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மழுங்கிய கத்தரிக்கோலும் இணைப்பு இறுகிய நீடில் ஹோல்டரும் எவ்வளவு நல்ல வடிவமாக இருந்தாலும் கையைக் கொல்லும். சாணை பிடிக்கவும் எண்ணெய் விடவும் ஒருவரை அமர்த்துவது, புதுக் கருவி வாங்குவதைவிடப் பல இடங்களில் கைவலியைக் குறைக்கும் என்பது என் கருத்து.

இந்தப் பேச்சு முழுவதற்கும் தென்தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய சாட்சி இருந்தார். எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918ல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி. ராணுவ மருத்துவராகப் பணியாற்றித் திரும்பியவரை முப்பது வயதில் கடுமையான முடக்குவாதம் தாக்கியது. விரல்கள் நிரந்தரமாகத் திருகி வளைந்துவிட்டன. பிரசவ மருத்துவராக வேண்டும் என்ற எண்ணத்தை விட்டு, கண் மருத்துவம் படித்தார். வளைந்த அந்த விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தியைப் பிடிக்கத் தம்மைத் தாமே பயிற்றுவித்துக்கொண்டார். வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். 1976ல் ஓய்வுபெற்றதும் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 1988ல் திருநெல்வேலிக்கும் வந்தது.

அவருடைய மனவுறுதியைத்தான் எல்லோரும் போற்றுகிறார்கள், போற்ற வேண்டியதுதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அவர் கருவியை மாற்றினார் என்பது. கையைத்தான் கருவிக்கு ஏற்ப வளைக்க வேண்டும் என்று அவரும் நம்பியிருந்தால் அந்த ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கும் அவர் பார்வை தந்திருக்க முடியாது. அவர் கட்டிய மருத்துவமனையும் அதே வழியில் வேலையைக் கைகளுக்கு ஏற்பப் பகிர்ந்தது. ஒரு மருத்துவருக்கு அருகருகே இரண்டு மேசைகள்; ஒன்றில் அறுவை நடக்கும்போது மற்றதில் அடுத்த நோயாளி தயாராகிறார்; கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள் கருவியை எந்தக் கோணத்தில் நீட்ட வேண்டுமோ அந்தக் கோணத்தில் நீட்டுகிறார்கள். 1992ல் அதன் துணையாக ஆரோலேப் தொடங்கியதும், செய்பவரும் பயன்படுத்துபவரும் ஒரே ஊரில் இருக்கும் நிலை வந்தது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் விலையை அது குறைத்ததைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். கருவி செய்பவர் அறுவை அரங்கின் வாசலில் நிற்க முடிவதன் பயன் அதற்குக் குறைந்ததில்லை.

தென்காசியில் அந்த வாசல் ஏற்கெனவே பாதி திறந்திருக்கிறது. பக்கத்து ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981 முதல் இயங்கிவருகிறது. கடற்படைத் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் அதைத் தொடங்கினார். 2020ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கால் வலுவில்லாத குழந்தைக்குக் காலிப்பர் செய்யும்போது, அந்தக் குழந்தையின் காலை அளந்துதான் செய்ய முடியும். உடலை அளந்து கருவி செய்யும் கைத்தேர்ச்சி அங்கே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்திருக்கிறது. மறுபக்கம் மத்தளம்பாறையில் சோஹோ நிறுவனம் இருக்கிறது. மென்பொருள் நிறுவனமாக அறியப்பட்ட அது, சென்னையில் மருந்தேற்றும் சிரிஞ்சு பம்ப் செய்யும் வி டைட்டன் நிறுவனத்தில் 2021ல் முதலீடு செய்தது. சோஹோவின் ஆதரவில் ‘கருவி’ என்ற பெயரில் கையடக்க மின்கருவிகளும் வந்திருக்கின்றன. துளையிடும் கருவியின் எடை எங்கே நிற்க வேண்டும், விசையை எந்த விரல் இழுக்க வேண்டும், அதிர்வு மணிக்கட்டுக்கு எவ்வளவு போகலாம் என்று யோசிப்பவருக்கு, ஹப் கட்டரையும் லாரிங்கோஸ்கோப்பையும் பற்றி யோசிப்பது தூரமில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் 2011 முதல் இயங்கும் மருத்துவத் தொழில்நுட்ப மையம், சங்கர நேத்ராலயா மருத்துவர்களோடு சேர்ந்து நடமாடும் கண் அறுவை வண்டியை உருவாக்கியதும் இப்படி மருத்துவரும் பொறியாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால்தான்.

விதிமுறைகளுக்கும் பஞ்சமில்லை. ஐ.இ.சி. 62366 என்ற உலகத் தரநிலை, மருத்துவக் கருவியைப் பயன்படுத்துபவரை வைத்துச் சோதிக்கும் முறையை வகுத்திருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016ல் தந்த வழிகாட்டலில், ஒவ்வொரு வகைப் பயனாளரிலும் குறைந்தது 15 பேரை வைத்துச் சோதிக்கச் சொல்கிறது. இந்தியாவில் 2017ன் மருத்துவக் கருவி விதிகள் வந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. அந்த 15 பேர் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வேறு கண்டத்தில், பெருநகர மருத்துவமனையில், காய்ந்த கையோடு சோதித்த 15 பேரின் முடிவு ஆடி மாதத்துத் தென்காசிக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மாற்றம் தொடங்க வேண்டிய இடம் கொள்முதல். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994ல் அமைந்தபின் மருந்து வாங்குவதில் நாடே பார்த்துப் பின்பற்றும் ஒழுங்கை உண்டாக்கியது. மாத்திரையின் தரத்தை ஆய்வகத்தில் சோதித்த பிறகே வார்டுக்கு அனுப்பும் அந்த ஒழுங்கைக் கருவிக்கும் நீட்டினால் போதும். துல்லியம், பேட்டரி, உத்தரவாதம், விலை என்ற வரிகளுக்குக் கீழே டெண்டரில் இன்னும் சில வரிகள் சேர வேண்டும்: கைப்பிடியின் அதிகபட்ச விரிவு இத்தனை மில்லிமீட்டர், அழுத்துவிசை இத்தனைக்குள், ஈரக் கையுறையோடு பொத்தான் இயங்க வேண்டும், திரை வெயிலில் தெரிய வேண்டும், கஃப் மூன்று அளவில் வர வேண்டும். இந்த எண்களை யாரும் அறையில் உட்கார்ந்து ஊகிக்க வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் ஒரு ஷிஃப்டிலேயே 15 நர்சுகள் கிடைப்பார்கள். சீசன் உச்சத்தில் ஒரு வாரம், மாதிரிக் கருவிகளை அவர்கள் கையில் கொடுத்து, காலையில் ஒரு முறை, டியூட்டி முடியும் நேரத்தில் ஒரு முறை அதே வேலையைச் செய்யச் சொல்லி அளக்கலாம். ஆய்க்குடிப் பட்டறை ஆட்களும் மத்தளம்பாறைப் பொறியாளர்களும் டவுன் பஸ்ஸில் வந்து பக்கத்தில் நின்று பார்க்கலாம். அந்தப் பதினைந்து பேரில் 6 அளவு கையுறை போடுபவர் ஐந்து பேராவது இருக்க வேண்டும், இடதுகைக்காரர் ஒருவராவது இருக்க வேண்டும், கட்டைவிரல் வலியோடு ஏற்கெனவே காலம் தள்ளும் மூத்த சிஸ்டர் ஒருவரைத் தேடிக் கூப்பிட வேண்டும்.